குடியாத்தம் ஸ்டுடியோவுக்கு ஒரு எடிட்டிங் கம்ப்யூட்டர்: எதை வாங்கினோம், எதைத் தள்ளினோம், ஏன்

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவருக்காக 2025 கோடையில் சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டரைப் பற்றி முழுசாக எழுதுகிறேன். இதில் வாங்கிய பாகங்களைவிடத் தள்ளிய பாகங்கள்தான் முக்கியம். வேலூர்ப் பக்கம் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள், அந்தப் பட்டியல் பெரும்பாலும் வேறு ஊரில், ஏசி அறையில், கேம் ஆடுகிறவருக்காக யாரோ போட்டது. செய்யப்போகும் வேலை என்ன, மெஷின் உட்காரப்போகும் அறை எப்படி, சுவரிலிருந்து வரும் கரண்ட் எப்படி என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருக்காது. மூன்று, நாலு லட்சம் செலவு செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்றைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டுடியோ குடியாத்தத்தில் இருக்கிறது. இரண்டாவது மாடி, நேர் மேலே மொட்டை மாடி. நடத்துபவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மூன்று சோனி கேமரா, ஒரு ட்ரோன். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என்று இரண்டையும் முழுசாக எடுப்பார்கள். தை, வைகாசி, ஆவணி வந்துவிட்டால் ஒரு கல்யாணத்தின் வீடியோ மெஷினில் இருக்கும்போதே அடுத்ததன் மெமரி கார்டுகள் மேசைக்கு வந்துவிடும். வெட்டி ஒட்டும் மிக்ஸிங் எல்லாம் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில், கலர் திருத்துவது மட்டும் டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொன்றில். பழைய மெஷினில் மூன்று கேமராவையும் ஒன்றாக டைம்லைனில் (வீடியோக்களை அடுக்கி வெட்டும் திரை) போட்டால் ஓடாது, அதனால் ராத்திரி முழுக்க ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கான சின்ன நகல், போட விட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து வேலையை ஆரம்பிப்பார். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா, அதையும் எடுக்க வேண்டும், அதற்குள் புது மெஷின் கைக்கு வந்தாக வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதாவது கத்திரி வெயில் நடுவில்.

அவர் கொண்டு வந்த பட்டியல் ஒரு கடையில் எழுதி வாங்கியது: இன்டெல் கோர் ஐ9 14900கேஎஃப் ப்ராசஸர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம் நாலு குச்சி, 4 டிபி எஸ்எஸ்டி ஒன்று, முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடி வைத்த கேபினட், 360 அளவு லிக்விட் கூலர், பாகங்களுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் 850 வாட். யூபிஎஸ் என்ற வார்த்தையே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல சாமான்தான். இந்த ஸ்டுடியோவுக்கு என்று பார்த்தால் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் ஒரு இடறல் இருந்தது.

முதலில் ஃபூட்டேஜைத் திறந்து பார்த்தோம்

பாகங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவருடைய கார்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, அதன் விவரத்தைப் பார்த்தேன். 4கே, 25 ஃபிரேம், எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2, விநாடிக்கு 140 மெகாபிட். இந்த ஒரு வரிதான் பட்டியலில் பாதியைத் தீர்மானிக்கிறது.

4:2:2 என்பது நிறத்தை எவ்வளவு சேமிக்கிறது என்பதைக் குறிக்கும் கணக்கு. சாதாரண செல்போன் வீடியோ 4:2:0, அதில் நாலு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல்தான் இருக்கும், 4:2:2-வில் அது இரண்டாகிறது. அரக்குச் சிவப்பில் ஆரணிப் பட்டு, அதில் ஜரிகை, அதன்மேல் மஞ்சள் விளக்கு வெளிச்சம் என்று ஒரு மணப்பெண்ணை எடுத்துவிட்டு கலர் மாற்ற உட்கார்ந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஓரங்கள் பிசிறாது. அதனால்தான் அண்ணன் அந்த செட்டிங்கை விட மாட்டேன் என்கிறார், அவர் சொல்வது சரி.

ஆனால் இந்த வகை ஃபைலை விரித்துக் காட்டும் தனி மின்சுற்று எல்லா கிராபிக்ஸ் கார்டிலும் கிடையாது. என்விடியாவின் 40 தொடர் வரைக்கும், 4090-ஐயும் சேர்த்துத்தான், 4:2:2-வை வன்பொருளில் திறக்காது. 2025 ஜனவரியில் வந்த 50 தொடரில்தான் எச்.264, அதற்கு அடுத்து வந்த எச்.265 இரண்டிலும் 4:2:2 வந்தது. இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி எச்.265-இன் 4:2:2-வை 11ஆம் தலைமுறையிலிருந்தே திறக்கும். சுற்று இல்லாத இடத்தில் முழுச் சுமையும் ப்ராசஸரின் கோர்கள் மேல் விழுகிறது, மூன்று கேமரா சேர்ந்தால் எவ்வளவு பெரிய ப்ராசஸரும் திணறும். ஆகவே அந்தப் பட்டியலில் இருந்த 4080 சூப்பர், அவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அண்ணனின் டைம்லைன் திக்குவதை நிறுத்தியிருக்காது. கேமில் அது எத்தனை ஃபிரேம் கொடுக்கிறது என்ற கணக்கு இங்கே எதற்கும் உதவாது.

அடுத்தது அந்த 'எஃப்' எழுத்து. இன்டெலில் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் பகுதி அணைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், குவிக் சிங்க்கும் அதோடு போய்விடும். தனி கிராபிக்ஸ் கார்டு போடுகிறோமே, உள்ளே இருப்பது எதற்கு என்று கடையில் சொல்வார்கள், கேம் ஆடுகிறவருக்கு அது சரியான பேச்சுதான், சில ஆயிரம் மிச்சமாகும். எடியஸோ வெகு காலமாகவே குவிக் சிங்க்கைப் பயன்படுத்தி ஓடுகிற மென்பொருள். நம் பக்கத்துக் கல்யாண வீடியோ தொழிலில் எடியஸ் எவ்வளவு பேர் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எஃப் ப்ராசஸரை எடிட்டருக்கு எழுதித் தரவே கூடாது.

14900 வரிசையையே தவிர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பெரிய ப்ராசஸர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், நாளடைவில் சிப்பே பலவீனமாகித் தடுமாறும் பிரச்சினை 2024-இல் வெளியே வந்தது, ஆகஸ்ட், செப்டம்பரில் ப்ராசஸரின் உள் நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தங்கள் வந்தன, வாரன்டியையும் இரண்டு வருஷம் கூட்டினார்கள். திருத்திய பயாஸோடு (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதிதாக வாங்கினால் பயப்பட வேண்டியதில்லை என்றுதான் சொல்வார்கள். இருந்தாலும் தினமும் மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும் மெஷினுக்கு, புதிதாக ஒன்று கையில் கிடைக்கும்போது, அந்தச் சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்.

"எல்லாரும் ஏஎம்டி வாங்கச் சொல்றாங்களே தம்பி, நீ மட்டும் இன்னாத்துக்கு இன்டெல்ங்கிற?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டியின் ரைசன் 9 9950எக்ஸ் 16 கோர், சுத்தமான ரெண்டர் வேலையில் அருமையான ப்ராசஸர், அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரைக்கும் அதற்கு மேலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, இன்டெலின் புது சாக்கெட்டுக்கு அப்படி நீண்ட ஆயுள் உறுதியில்லை. நாலு வருஷம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு நான் ஏஎம்டிதான் சொல்வேன். அண்ணன் அப்படி மாற்றுகிறவர் இல்லை, ஒரு மெஷினை வாங்கினால் அது ஓயும் வரை ஓட்டுவார். அவருக்கு எடியஸும் குவிக் சிங்க்கும்தான் முன்னால் நிற்கின்றன. அதனால் கோர் அல்ட்ரா 7 265கே, எஃப் இல்லாதது. மொத்தம் 20 கோர், முந்தைய தலைமுறை ஐ9-ஐவிடச் சூடு குறைவு. மேலே இருக்கும் அல்ட்ரா 9-க்கும் இதற்கும் நாலு சின்ன கோர்தான் வித்தியாசம், அந்தப் பணம் வேறு இடத்தில் அதிகம் உதவும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ. 16 ஜிபி மெமரி, 300 வாட். வெளியானபோது இந்தியாவில் அறிவித்த விலை 80,000 ரூபாய், 5080-க்கு 1,07,000, 5090-க்கு 2,14,000. கடை விலை அறிவிப்பு விலையைவிட ஏறித்தான் இருக்கும். 5080-இல் டீகோடர் (வீடியோவை விரிக்கும் அந்தச் சுற்று) இரண்டு, 5070 டிஐயில் ஒன்று, மூன்று கேமராவுக்கு இரண்டு இருந்தால் நல்லதுதானே என்று நானும் யோசித்தேன். ட்ரோன் ஃபைல்கள் எச்.265, எடியஸில் அவற்றைக் குவிக் சிங்க் பார்த்துக்கொள்ளும், ரிசால்வில் மூன்று கேமராவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டிய தேவை குறைவு, அங்கே வெட்டி முடித்த டைம்லைனுக்குத்தான் கலர். அதனால் 5070 டிஐ போதும் என்று முடிவு செய்தோம். ஐந்தாறு கேமரா வைத்து ரிசால்விலேயே மல்டிகேம் வெட்டுகிறவர் என்றால் 5080-ஐக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: விண்டோஸில் இந்த வன்பொருள் டீகோடிங் முழுசாகக் கிடைப்பது ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில்தான், 2025-இல் 295 டாலர், ஒரு முறை கட்டினால் போதும். கார்டுக்கு அவ்வளவு கொடுத்துவிட்டு இதை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

ரேமும் டிஸ்க்கும்

இப்போதைய ரேம் வகையான டிடிஆர்5-இல் நாலு குச்சி போட்டால் வேகம் இறங்கும். ஏஎம்டியின் 9000 வரிசையில் இரண்டு குச்சிக்கு 5600 என்று சொல்லும் அதிகாரபூர்வ வேகம் நாலு குச்சிக்கு 3600 ஆகிவிடுகிறது, இன்டெலிலும் இறங்கத்தான் செய்யும், சில சமயம் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே அடம் பிடிக்கும். அதனால் 48 ஜிபி குச்சி இரண்டு, மொத்தம் 96. மதர்போர்டு நிறுவனம் சோதித்துப் பார்த்து வெளியிட்டிருக்கும் ரேம் பட்டியலில் அந்த மாடல் எண் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன்.

டிஸ்க்குக்குக் கணக்குப் போட்டோம். விநாடிக்கு 140 மெகாபிட் என்றால் 17.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 63 ஜிபி. ரிசப்ஷனும் முகூர்த்தமுமாக மூன்று கேமராவும் சேர்ந்து பத்து மணி நேரம் ஓடியது என்று வைத்தால் ஒரு கல்யாணத்துக்கு 630 ஜிபி. 2 டிபி எஸ்எஸ்டியில் மூன்று கல்யாணம் போட்டால் மூச்சு முட்டிவிடும். அதனால் வேலைக்கு 4 டிபி, விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் தனியாக 1 டிபி.

கடைப் பட்டியலிலும் 4 டிபி இருந்ததே என்றால், அது க்யூஎல்சி வகை, ஒரே செல்லில் நாலு பிட்டை அடைக்கும் மலிவான வகை. பெட்டியில் போட்டிருக்கும் வேகம், முன்னால் இருக்கும் கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிரம்பும் வரைக்கும்தான். 630 ஜிபியைக் கார்டுகளிலிருந்து தொடர்ந்து கொட்டினால் கேஷ் நிரம்பி, எழுதும் வேகம் பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கே வந்து நின்றுவிடும். எந்நேரமும் பெரிய ஃபைல் எழுதுகிற தொழிலுக்கு செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை, டிராம் என்ற தனி மெமரி சிப் வைத்தது, அதுதான் வேண்டும். பத்திரப்படுத்த இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க், இரண்டும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் சிஎம்ஆர் வகை, ஒன்றில் இருப்பது இன்னொன்றிலும் இருக்கும், அதில் ஒன்று வீட்டில். கல்யாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதே இல்லை.

மதர்போர்டு பி860 சிப்செட். ஓவர்கிளாக் செய்து வரம்பைத் தாண்டிய வேகத்தில் ஓட்டப் போவதில்லை, அதனால் இசட்890 தேவைப்படவில்லை. கையேட்டைத் திறந்து எந்த எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் கார்டின் பாதை பாதியாகும் என்ற அட்டவணையை மட்டும் கட்டாயம் படியுங்கள், சில போர்டுகளில் அப்படி உண்டு.

வெயிலும் கரண்டும்

இந்தப் பகுதியைத்தான் வெளியூர்ப் பட்டியல்கள் எழுதுவதே இல்லை.

கூலர் எவ்வளவு விலையாக இருந்தாலும் அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. 25 டிகிரி அறையில் ப்ராசஸர் 75-இல் நின்றால், அதே வேலையில் 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 88-க்குப் போகும். வேலூர் மாவட்டத்தில் மே மாதம் வெளியே 40-ஐத் தாண்டுவது சாதாரணம், சென்னைக்கு வரும் கடல் காற்று நமக்குக் கிடையாது, நாள் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடி சாயங்காலம் ஆனாலும் கீழே சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஸ்டுடியோவில் ஏசி இருக்கிறது, ஆனால் கரண்ட் போனால் முதலில் நிற்பது ஏசிதான், ரெண்டர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஏசி இல்லாத நாலு மணி வெயிலுக்குத்தான் திட்டம் போட்டோம்.

முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட் அங்கேயே வெட்டுப்பட்டது. முன்பக்கம் முழுக்கக் கழற்றிக் கழுவக்கூடிய வலை, முன்னால் இரண்டு 160 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள லியான் லி லான்கூல் 216. உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளும் காற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி ஃபேன்களை வைத்தோம், அப்போதுதான் வலை இல்லாத சந்துகள் வழியாகத் தூசி உள்ளே போகாது. கீழே பஸ் போகிற தெரு, தூசிக்குப் பஞ்சமே இல்லை.

லிக்விட் கூலரா, ஏர் கூலரா என்பதில் நிறைய வாக்குவாதம் நடந்தது. லிக்விட் பார்க்க அழகு, திடீர்ச் சூட்டை நன்றாகத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் பம்ப் என்று ஒரு மோட்டார் இருக்கிறது, அது நின்றால் அன்றைக்கு வேலை நின்றது, வருஷக் கணக்கில் குழாய் வழியாகத் திரவமும் மெல்லக் குறையும். ஆவணி முகூர்த்தம் நடுவில் பம்ப் போனால் குடியாத்தத்தில் அன்றைக்கே மாற்று கிடைக்காது. ஏர் கூலரில் போனால் ஃபேன்தான் போகும், 120 மில்லிமீட்டர் ஃபேன் எந்தக் கடையிலும் உண்டு. இரட்டைக் கோபுர ஏர் கூலர் போட்டு, பயாஸில் ப்ராசஸரின் மேல் வரம்பை 250 வாட்டிலிருந்து 180-க்கு இறக்கினேன். எடியஸ் எக்ஸ்போர்ட் நேரத்தில் அண்ணன் கண்டுபிடிக்கும் அளவுக்கு எந்த மாற்றமும் இல்லை, சூடு மட்டும் நன்றாகவே இறங்கியது.

இப்போது கரண்ட். ஸ்டுடியோ சுவர் ப்ளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது, சாயங்காலம் தெருவில் எல்லா ஏசியும் ஓடும் நேரத்தில், 230 வர வேண்டிய இடத்தில் 185 வந்தது. இதைப் பார்த்து எல்லாரும் பயப்படுவார்கள், ஆனால் நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை வேலை செய்யும், 185 அதற்குப் பெரிய விஷயமில்லை. தொல்லை வேறு இடத்தில்: கரண்ட் போய்த் திரும்ப வரும்போது வரும் எகிறல், அப்புறம் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறும் நொடி. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் முழுச் சுமையில் 12 மில்லி விநாடி தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.1 விதி. வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண மோடில் மாற அதைவிட அதிக நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். மேலும் விலை மலிவான யூபிஎஸ்கள் பேட்டரியில் கொடுப்பது படிக்கட்டு மாதிரி உடைந்த அலை, இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் கரண்ட் இழுப்பதைச் சீராக்க இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றுக்கு அது ஒத்துப்போகாமல் சுமை ஏறும் நேரத்தில் அணைந்துபோவது உண்டு. அதனால் 2 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ், சைன் அலை, மாறும் நேரமே கிடையாது. சத்தமும் சூடும் அதிகம் என்பதால் அறைக்கு வெளியே வைத்தோம்.

எஸ்எம்பிஎஸ் வாட்டைப் பொறுத்தவரை கடைக்காரர் சொன்ன 850 சரியான எண்தான். கார்டு 300, ப்ராசஸர் 250 என்றே வைத்துக்கொண்டாலும், மற்றதெல்லாம் சேர்த்து 650-ஐத் தொடும், கண நேரத் துள்ளலுக்கும் இடம் இருக்கிறது. நான் மாற்றியது மாடலைத்தான். சில எஸ்எம்பிஎஸ்கள் தங்கள் முழு வாட்டை 40 டிகிரியில் தருவதாகச் சொல்லும், சில 50 டிகிரியில். கேபினட்டுக்குள் 40-ஐத் தாண்டும் ஊரில் 50 டிகிரி என்று எழுதியிருப்பதைத்தான் எடுக்க வேண்டும், பெட்டியில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள், விவரத் தாளில் தேடிப் பார்க்க வேண்டும்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறது, செருப்பு போட்டுக்கொண்டுதான் தொடுவோம் என்று ஸ்டுடியோ பையன் சாதாரணமாகச் சொன்னான். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கேபினட்டின் ஸ்க்ரூவிலும் இன்னொன்றை நியூட்ரலிலும் வைத்தேன், நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இது பழுதான எஸ்எம்பிஎஸ் அல்ல. ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலிலும் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒரு கெபாசிட்டர், நியூட்ரலிலிருந்து ஒரு கெபாசிட்டர் என்று இரண்டும் எர்த்தில் வந்து சேரும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், எர்த் அறுந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் கேபினட் மாட்டிக்கொண்டு 230-இல் பாதி அதன் மேலே நிற்கும். கரண்ட் அளவு குறைவு, ஆளைக் கொல்லாது, ஆனால் அந்தக் கேபினட்டில் கேமராவையோ ஹார்ட் டிஸ்க்கையோ கேபிள் போட்டுச் சொருகும் நொடியில் யூஎஸ்பி போர்ட்டைத் தீர்த்துவிடலாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்ததில் எர்த் ஒயர் பாதி வழியில் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது, எர்த் குழியும் காய்ந்து கிடந்தது. நம் பக்கம் பாறை நிலம், கோடையில் குழி சுத்தமாக உலர்ந்துவிடும். புது ஒயர் இழுத்து, உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றிய பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே வந்தது. அது வரும் வரைக்கும் நான் புது மெஷினை அங்கே கொண்டுவர மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். மொத்தச் செலவில் இதற்கு ஆனது மிகச் சின்னத் தொகை, ஆனால் பட்டியலில் எந்தப் பாகத்தைவிடவும் இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

வாங்கியது, சேர்த்தது

காட்பாடியில் காலை ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்த்தான் பெரும்பாலானவற்றை எடுத்தோம், யூபிஎஸ்ஸும் ஹார்ட் டிஸ்க்கும் வேலூரிலேயே. எல்லாவற்றுக்கும் ஸ்டுடியோவின் ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்கினோம். வரியோடு மூன்று லட்சம் என்றால் அதில் 18 சதவீத வரிப் பங்கு 45,700 ரூபாய்க்கு மேல் வரும், ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிலுக்கு அது உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும். பில் இல்லாமல் ஐந்தாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் பேரத்தில் நஷ்டம் யாருக்கு என்று அண்ணனே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டார். கிராபிக்ஸ் கார்டில் பெட்டி, பில், கார்டின் முதுகு மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த சரக்காக இருந்தால் இங்கே வாரன்டிக்கு அலைய வேண்டியிருக்கும்.

சேர்க்கும்போது கவனம் தேவைப்பட்ட இடங்கள் சில. கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் 12வி-2x6 கேபிளை, கிளிப் விழும் சத்தம் கேட்டு, இடைவெளி எதுவும் கண்ணுக்குத் தெரியாத வரை அழுத்திச் சொருக வேண்டும், சொருகிய இடத்தை ஒட்டியே வளைக்கக் கூடாது. 2022-இல் 4090 வந்த புதிதில் உருகிய கனெக்டர்களில் பலவற்றுக்குக் காரணம் முழுசாகச் சொருகாததுதான். 5070 டிஐ அவ்வளவு கரண்ட் இழுப்பதில்லை என்றாலும் பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும். கனமான கார்டு என்பதால் கீழே ஒரு முட்டும் கொடுத்தோம்.

முதல் தடவை ஆன் செய்தபோது ஃபேன் ஓடியது, திரை கறுப்பாகவே இருந்தது. அண்ணன் முகம் மாறிவிட்டது. டிடிஆர்5 ரேம் முதல் முறை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், கை வைக்காமல் இருங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் திரை வந்தது. அப்புறம் பயாஸில் மிக முக்கியமான ஒன்று: தனி கார்டு போட்டதும் பல போர்டுகள் ப்ராசஸரின் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். ஐஜிபியூ மல்டி மானிட்டர் என்ற வரியைத் தேடி இயக்க வேண்டும், இல்லாவிட்டால் குவிக் சிங்க்குக்காகத் தேடித் தேடி வாங்கிய ப்ராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். எடிட்டிங் மெஷின் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே போய் இந்த ஒன்றைப் பாருங்கள்.

ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியது, பிழை எதுவும் இல்லை. மறுநாள் மத்தியானம் ஏசியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ரெண்டரும் கிராபிக்ஸ் சோதனையும் சேர்த்து ஓடவிட்டோம். அறை 38, ப்ராசஸர் 90-ஐத் தொடவில்லை, கார்டு 78-க்கு மேல் போகவில்லை. நடுவில் மெயினை அணைத்துப் பார்த்தோம், ரெண்டர் எண் ஒரு துளி நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

சிரசு திருவிழாவுக்கு முன்னால் மெஷின் போய்ச் சேர்ந்தது. இப்போது மூன்று கேமராவும் ட்ரோனும் ஒரே டைம்லைனில் ப்ராக்ஸி இல்லாமல் ஓடுகின்றன, மெமரி கார்டு வந்த அன்றைக்கே வெட்ட உட்காருகிறார். வைகாசி, ஆவணி இரண்டையும் ஒரு தடவைகூட நிற்காமல் ஓட்டிவிட்டது. முன் வலையை வாரம் ஒரு முறை அந்தப் பையன் கழுவுகிறான், ஆடியில் கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்து நான் போய் உள்ளே தூசி ஊதி, எர்த்தை மறுபடி அளந்துவிட்டு வந்தேன்.

இதே பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போக நினைப்பவர்களுக்கு: 2025 கடைசியில் ரேம் விலை தலைகீழாக மாறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் போய்க்கொண்டிருப்பதால் டிடிஆர்5 இரண்டு மடங்குக்கும் மேலே ஏறியது, மைக்ரான் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது, எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. இப்போது இதே வேலைக்குக் கேட்டால் 96-க்குப் பதில் 32 ஜிபி குச்சி இரண்டு போட்டு 64-இல் நிறுத்துவேன், 4கே கல்யாண எடிட்டிங்குக்கு அது போதும். குறைக்க வேண்டியிருந்தால் அங்கே குறையுங்கள், யூபிஎஸ்ஸிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் கை வைக்காதீர்கள்.